தகுதியை அளக்கிற கோல் யார் கையில்?

(இறுதியாண்டு மாணவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'டேட்டா சயின்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போவது எப்படி' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இயக்கக் கூட்டத்தில் இது என்ன தலைப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். பஞ்சமி நிலம், இரட்டைக் குவளை, சுடுகாட்டுப் பாதை என்று பேசுகிற இடத்தில் வேலை வாங்குற வித்தை எதுக்கு? நான் அப்படிப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டு அரசு வேலையில் நமக்கு 18 விழுக்காடு இருக்கிறது. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு இருக்கிறது. தனியார் துறையில் சட்டப்படி நமக்கு ஒன்றுமில்லை. 1991க்குப் பிறகு நல்ல சம்பளம் தருகிற புதிய வேலைகள் எங்கே பெருகின? தனியாரிடம்தான். அந்த வரிசையில் பிந்தி வந்தது தரவு அறிவியல். அந்த வாசலில் இடஒதுக்கீட்டுப் பட்டியல் தொங்குவதில்லை. ஒரு மேசை இருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருக்கிறார்கள். கோயில் வாசலையும் ஊர்க் குளத்தையும் பற்றிப் பேசிய நாம் இந்த மேசையைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

நான் இந்த மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். நடவுக்கும் களையெடுக்கவும் போன அம்மாவுக்குப் பிறந்து, நலத்துறை விடுதியில் தங்கிப் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகி, கேள்வி கேட்கப்படுகிற நாற்காலியில் பலமுறை உட்கார்ந்தேன். இப்போது சில வருடங்களாகக் கேள்வி கேட்கிற நாற்காலியிலும் உட்காருகிறேன். ஆகவே இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, உள்ளே என்ன கேட்கிறான், எப்படிப் பதில் சொல்வது. இரண்டு, அவன் கேட்கிறதுக்குப் பேரு 'தகுதி'யா என்பது. இரண்டையும் பிரித்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

முதலில் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய தரவுகளை எடுத்து, அதிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்து, வரப்போவதை ஊகிப்பது. யார் கடனைக் கட்டுவார், யார் கட்டமாட்டார். எந்த வாடிக்கையாளர் விட்டுப் போவார். எந்த இயந்திரம் பழுதாகும். இவ்வளவுதான். இதற்குக் கொஞ்சம் புள்ளியியல், கொஞ்சம் நிரல் எழுதுவது, கொஞ்சம் பொறுமை வேண்டும். மந்திரம் எதுவுமில்லை. மந்திரம் என்று சொன்னால்தானே நம்மை வெளியே நிறுத்த முடியும்!

பட்டம் முடித்து வருகிறவர்களுக்குச் சுற்றுகள் பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் கணினியில் ஒரு தேர்வு: கணக்குப் புதிர்கள், பைத்தான், எஸ்.க்யூ.எல். அடுத்து டெக்னிக்கல் சுற்று. அடுத்து நீங்கள் செய்த புராஜெக்டைக் கிண்டிக் கிண்டிக் கேட்பது. கடைசியில் எச்.ஆர்.

எஸ்.க்யூ.எல். சுற்றில் வராத கேள்வி இல்லை என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. இரண்டு பட்டியல் கொடுத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவர்களை எடு என்பான். நம்ம கதையிலேயே யோசித்துப் பாருங்கள். விடுதியில் இருக்கிற மாணவர்கள் ஒரு பட்டியல். உதவித்தொகை வரவு வைக்கப்பட்டவர்கள் இன்னொரு பட்டியல். யாருக்கு வரவில்லை? மாணவர் பட்டியலை இடப்பக்கம் வைத்து 'லெஃப்ட் ஜாயின்' செய்து, வலப்பக்கம் வெற்றாக இருப்பவர்களை எடுக்க வேண்டும். சாதாரண 'இன்னர் ஜாயின்' போட்டால் வராதவன் பெயர் மறைந்தே போய்விடும். பெயர் காணாமல் போவது எப்படி என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதைத் தேடி எடுக்கிற கட்டளையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

டெக்னிக்கல் சுற்றில் கட்டாயம் வருவது இது: "உங்கள் மாடல் 98 விழுக்காடு சரியாகச் சொல்கிறது, அது நல்ல மாடலா?" ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். கடன் வாங்கிய 1000 பேரில் 20 பேர் கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் பார்க்காமல் 'எல்லாரும் கட்டிடுவாங்க' என்று ஒரு கிளி சொன்னாலும் 98 விழுக்காடு சரி. ஆனால் கண்டுபிடிக்க வேண்டிய 20 பேரில் ஒருவரைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. எனவே பிழையை இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். தேவையில்லாதவரைச் சேர்த்த பிழை எவ்வளவு? தேவையானவரை விட்ட பிழை எவ்வளவு? 'பிரிசிஷன்' என்றும் 'ரீகால்' என்றும் அவர்கள் சொல்வது இதைத்தான். பிடித்தவர்களில் எத்தனை பேர் சரியானவர்கள் என்பது பிரிசிஷன். பிடிக்க வேண்டியவர்களில் எத்தனை பேரைப் பிடித்தோம் என்பது ரீகால்.

இந்தக் கேள்விக்கு நான் கேட்டதிலேயே சிறந்த பதிலைச் சொன்னவர் ஒரு மாணவி. நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையை எடுத்துக்கொண்டார். "தகுதியில்லாத ஒருத்தங்க பேரு பட்டியல்ல வந்தா அரசாங்கத்துக்கு மாசம் 1000 ரூபாய் நஷ்டம். தகுதியிருக்கிற ஒருத்தங்க பேரு விட்டுப்போனா அந்த வீட்டுக்கு மாசம் 1000 ரூபாய் நஷ்டம். ரெண்டு 1000 ரூபாயும் ஒண்ணு இல்ல சார். அதனால இந்தத் திட்டத்துக்கு நான் ரீகாலைத்தான் முதல்ல பார்ப்பேன்" என்றார். பிழைக்கு விலை உண்டு, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அளவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் வருவதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.

அவர் வெளியே போனதும் என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "சப்ஜெக்ட் ஓகே. பாலிஷ் இல்ல. கல்ச்சர் ஃபிட் ஆகாது." நான் வாதாடினேன். ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கலாம் என்றேன். "அதெல்லாம் எதுக்கு, பார்த்தாலே தெரியுதே" என்றார்கள். இரண்டுக்கு ஒன்று. அந்தப் பெண்ணை எடுக்கவில்லை.

'பார்த்தாலே தெரியுது' என்ற சொல்லை விடாதீர்கள். நமது தாத்தா பாட்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திய சொல் அது. இப்போது அது ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. நேர்முகத்தேர்வு என்பதே ஒரு மாடல்தான். முன்பு எடுத்தவர்களைப் பார்த்து, அவர்களைப் போன்றவர் நன்றாக வேலை செய்வார் என்று ஊகிக்கிற மாடல். ஆனால் இந்த மாடலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எடுத்தவன் எப்படி வேலை செய்கிறான் என்று நிறுவனத்துக்குத் தெரியும். தள்ளப்பட்டவன் எப்படிச் செய்திருப்பான் என்று தெரியவே தெரியாது. அந்த வரி எந்தக் கோப்பிலும் இல்லை. தப்பான ஆளை எடுத்தால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். சரியான ஆளை விட்டால் நூறு வருடமானாலும் தெரியாது. ஒரு பக்கத்துப் பிழையை மட்டும் எண்ணுகிற மாடல் தன்னைத் திருத்திக்கொள்ளவே முடியாது. 'நாங்க எடுத்தவங்க எல்லாம் நல்லாத்தானே வேலை செய்றாங்க, அப்ப எங்க தேர்வு சரிதானே' என்பார்கள். இதுதான் தகுதிவாதத்தின் மொத்தத் தர்க்கமும்.

இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் குழுவில் ஆபிரகாம் வால்ட் என்று ஒருவர் இருந்தார். திரும்பி வந்த போர் விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்ற தரவை வைத்து வேலை செய்தார். துளை அதிகம் இருக்கிற இடத்துக்கு இரும்புத்தகடு அடிப்பதுதானே பொதுப்புத்தி? வால்டின் கணக்கு திரும்பி வராத விமானத்திலிருந்து தொடங்கியது. வந்த விமானங்களில் எங்கே துளை குறைவோ, அங்கே அடிபட்டவைதான் வராமல் போனவை. திரும்பி வராதவனைக் கணக்கில் சேர்க்காமல் செய்கிற கணக்கு பொய்க்கணக்கு. இதை இன்டர்வியூவிலும் கேட்பான். பதில் சொல்லுங்கள். சொல்லும்போது நம்மில் திரும்பி வராதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இது ஊகம்தானா, ஆதாரம் உண்டா? உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரம் ஒரு சோதனை செய்தார்கள். செய்தித்தாளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே தரம். பெயர் மட்டும் வேறு. ஒன்று உயர்சாதிப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயரை 1 என்று வைத்தால், அழைப்பு வருவதற்கான சாதக விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முடிவுகள் 2007இல் வெளியாயின. இன்டர்வியூவே இன்னும் ஆரம்பிக்கவில்லை தோழர்களே, கடிதம் பிரித்த இடத்திலேயே இவ்வளவு.

தமிழ்நாட்டில் நாம் சாதிப்பெயரைப் பின்னால் போட்டுக்கொள்வதில்லை; அது நம் மண்ணில் நடந்த போராட்டத்தின் பலன். ஆனால் பெயர் இல்லாவிட்டால் சாதி தெரியாதா? முகவரியில் 'காலனி' இருக்கும். பள்ளியின் பெயரில் 'ஆதிதிராவிடர் நல' இருக்கும். அப்பாவின் தொழில் இருக்கும். தரவு அறிவியலில் இதற்குப் பதிலி மாறி என்று பெயர். சாதி என்ற காலத்தை அழித்துவிட்டு 'எங்க மாடல் சாதி பார்க்காது' என்பான். பின்கோடு பார்க்கும், பள்ளி பார்க்கும், பேசுகிற விதம் பார்க்கும். அமேசான் நிறுவனம் 2014 முதல் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு மாடல் செய்து பார்த்தது. பழைய விண்ணப்பங்களில் ஆண்களே அதிகம். ஆகவே 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு அது மதிப்பைக் குறைத்தது. பின்னர் அதைக் கைவிட்டார்கள்; 2018இல் செய்தி வெளியே வந்தது. எந்திரத்தில் நடந்ததை எடுத்துக் காட்டிவிடலாம். மனுசன் மண்டைக்குள் ஓடுகிற மாடலை எப்படிக் காட்டுவது?

இந்தப் படிப்பின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 'ரிக்ரஷன்' என்ற சொல்லைப் புள்ளியியலுக்குத் தந்தவர் ஃபிரான்சிஸ் கால்டன். உயர்ந்த இனத்தைப் பெருக்கி, தாழ்ந்ததைக் குறைப்பது என்ற 'யூஜெனிக்ஸ்' கொள்கைக்கு 1883இல் பெயர் வைத்தவரும் அவரேதான். நீங்களெல்லாம் முதல் பாடமாகச் செய்கிற ஐரிஸ் பூத் தரவு, ரொனால்ட் ஃபிஷர் 1936இல் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. பத்திரிகையின் பெயரிலேயே யூஜெனிக்ஸ் இருந்தது. நம்ம நாட்டு மகலனோபிஸ் தந்த 'மகலனோபிஸ் தொலைவு' என்ற சூத்திரத்தின் வேர், 1920களில் அவர் கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை வங்கச் சாதிகளின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் வீட்டு விலைத் தரவில், அந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் எத்தனை பேர் என்பதிலிருந்து கணக்கிட்ட ஒரு காலமே இருந்தது. வருடக்கணக்காக உலகம் முழுக்க மாணவர்கள் அதை வைத்துப் பழகினார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, 2022 டிசம்பரில் வந்த சைகிட்-லேர்ன் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வது 'இந்தப் படிப்பே வேண்டாம்' என்பதற்காக அல்ல. மனிதனை மேல், கீழ் என்று அடுக்க நினைத்தவர்கள் செய்த கருவி இது. அதே கருவியைத் திருப்பிப் பிடித்தால் அடுக்கியவனை அளக்கலாம். தோரட் செய்தது அதைத்தான்.

அதனால்தான் சொல்கிறேன், புராஜெக்ட் என்று ஐரிஸ் பூவையும் டைட்டானிக் கப்பலையும் கொண்டுபோகாதீர்கள். எதிரே இருப்பவர் அன்று காலையிலேயே அந்தக் கப்பலை நான்கு முறை மூழ்கப் பார்த்திருப்பார். நம் ஊரை எடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் 20 விழுக்காடு. அந்தக் கணக்கெடுப்பில் குடிநீர், கழிப்பறை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது, பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குத் தனியாகவும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தை எடுத்து, பொது நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து ஒரு புராஜெக்ட் செய்யுங்கள். தரவு எங்கே கிடைத்தது, எதில் ஓட்டை, எதைத் தூக்கிப் போட்டீர்கள், ஏன்: இதற்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல முடியும். காப்பியடித்தவனால் முடியாது. கேள்வி கேட்கிறவர் தேடுவதும் அதுதான்.

அடுத்து ஆங்கிலம். நம் பிள்ளைகள் பாதிப்பேர் இங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள். சரளமாகப் பேசுவது வேறு, தெளிவாக விளக்குவது வேறு. இந்த வேலைக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு கருத்தை முதலில் தமிழில் உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். அவங்களுக்குப் புரிந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது. பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதி, சத்தம் போட்டுப் படியுங்கள். கேள்வி புரியவில்லையென்றால் திருப்பிக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் "தெரியாது, ஆனா இப்படி யோசிச்சுப் பார்ப்பேன்" என்று சொல்லி, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மௌனத்துக்கு யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நிற்க வைத்தவர்கள் முன்னால் பேசாமலிருப்பது நமக்குப் பழக்கப்படுத்தப்பட்டது. அதைப் பழகித்தான் உடைக்க வேண்டும்.

கடைசிச் சுற்று எச்.ஆர். "உங்க ஃபேமிலி பத்திச் சொல்லுங்க. அப்பா என்ன பண்றாங்க? சொந்த ஊர்ல எந்தப் பக்கம்?" சும்மா பேச்சுக்குக் கேட்பது போலத்தான் இருக்கும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2007இல் வந்தது. எல்லோரும் தகுதி ஒன்றுதான் என்கிறார்கள். அதே வாயால் குடும்பப் பின்னணி ரொம்ப முக்கியம் என்கிறார்கள். தகுதி தனிமனிதனுடையது என்றால் அப்பன் தொழில் எதுக்குய்யா? அந்தக் கேள்விக்கு வெட்கமும் வேண்டாம், இரக்கம் கேட்பதும் வேண்டாம். "அப்பா கல்லுடைக்கிற வேலை. வீட்டில் நான் முதல் பட்டதாரி" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பேச்சை உங்கள் வேலைக்குத் திருப்புங்கள். சாதியைச் சொல்வதா வேண்டாமா என்று கேட்கிறார்கள். சொல்வதும் சொல்லாமலிருப்பதும் உங்கள் உரிமை. சொல்லாதவனைக் கோழை என்று இயக்கத்தோழர்கள் யாரும் பேசக்கூடாது. சோற்றுக்கு நிற்கிறவனிடம் வீரம் கேட்பது சுலபம்.

தனியாளாய்த் தயாராவதோடு இது முடியாது. மூன்று வேலை செய்ய வேண்டும்.

ஒன்று. விடுதிதோறும் வாரம் ஒருநாள் ஒத்திகை நேர்காணல் நடத்துங்கள். போய் வந்தவர்கள் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைக்கு மாமா சொல்வார், சித்தப்பா சொல்வார். நமக்கு அந்த நோட்டுதான் மாமா, சித்தப்பா.

இரண்டு. உள்ளே போனவர்கள் அங்கே செய்ய வேண்டியது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, கேள்விக்கு இத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிய முறையைக் கேட்டு வாங்குங்கள். இது நம் கோரிக்கை மட்டுமல்ல. சாக்கெட் என்பவரும் கூட்டாளிகளும் 2022இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டார்கள். வேலைத்திறனோடு உள்ள தொடர்பு, கட்டமைத்த நேர்காணலுக்கு 0.42, மனம்போனபடி கேட்பதற்கு 0.19. 'பார்த்தாலே தெரியுது' என்பவனுக்குப் பாதிகூடத் தெரியவில்லை.

மூன்று. கணக்குக் கேட்பது. அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் தனியார் நிறுவனம் பணியாளர்களின் இனம், பாலினக் கணக்கை அரசுக்குத் தர வேண்டும். இங்கே பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தரவேண்டிய அறிக்கையில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்ற கேள்வி இருக்கிறது. சாதி என்ற கேள்வி இல்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தரவு சேர்க்கிற நிறுவனம், தன் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து திரும்பிப் போனவர்கள் யார் என்று மட்டும் எண்ண மறுக்கிறது. எண்ணச் சொல்லி நாம் கேட்க வேண்டும். எண்ணிக்கை வந்தால்தான் தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கை அசைக்க முடியாததாகும்.

அந்த மாணவி இப்போது எங்கே வேலை செய்கிறாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த முறை நான் அந்த நாற்காலியில் உட்காரும்போது எதிரில் உங்களில் ஒருவர் இருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியிலும் உங்களில் ஒருவர் இருக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்பது அப்போதுதான் மாறும்.

இனி நீங்கள் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.